முக்காலியில் மூண்ட எல்லைப் போர்

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது யாரால்?

டெல்லி தந்தது என்கிறார் ஒருவர். ஆணையம் அளித்தது என்கிறார் இன்னொருவர். அது வெறும் சாதிச் சண்டை, மொழி என்பது அதற்குப் போர்த்திய பட்டாடை என்கிறார் மூன்றாமவர். மூவரும் நிற்கும் மேடைகள் வேறு. ஆயினும் பேச்சின் உட்பொருள் ஒன்றே. உரிமை என்பது மக்கள் போராடிப் பெறுவதன்று, மேலே வீற்றிருப்போர் மனமிரங்கி வழங்குவது. மாநிலம் என்பது மக்களின் சொந்த வீடன்று, மத்திய ஆட்சியாளர் விரும்பும் வரையில் குடியிருக்க விட்டிருக்கும் வாடகை வீடு! இதுதான் அவர்கள் சொல்லாமற் சொல்லும் சித்தாந்தம்.

பழங்கதை தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? விடுவதற்கில்லை. மொழிவழி மாநிலம் அமைத்ததே பெருந்தவறு, நிர்வாக வசதிக்கேற்ப நாட்டைத் துண்டு துண்டாக்கிக் கொள்ளலாம் என்று இன்றும் பேசுவோர் உளர். அரசியல் சட்டத்தின் மூன்றாவது விதி, ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றவும் பெயரை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு பெற வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டு ஜம்மு காசுமீரம் என்ற மாநிலம் இரண்டு மத்திய ஆட்சிப் பகுதிகளாக ஆக்கப்பட்டபோது, கருத்துக் கூற அங்கே சட்டமன்றமே இல்லை. ஆகவே "யார் தந்தது?" என்ற கேள்வி பழங்கதையைப் பற்றியதன்று, நாளை நம் கூரைக்கு யார் சொந்தக்காரர் என்பதைப் பற்றியது.

இந்த மூவருக்கும் விடை கூற வேதாந்தம் வேண்டியதில்லை. நாகர்கோவில் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நின்ற ஒருவரின் வாழ்க்கை போதும். அவர்தாம் மார்ஷல் நேசமணி.

நேசமணி நம் இயக்கத்தவர் அல்லர். 1957 இல் கிள்ளியூரிலிருந்து காங்கிரசு சார்பில் சென்னைச் சட்டசபைக்குச் சென்றவர். 1962 இல் காங்கிரசு சார்பில் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். 1967 இல் தமிழகமெங்கும் உதயசூரியன் ஒளி வீசி, 39 நாடாளுமன்ற இடங்களில் காங்கிரசுக்கு மூன்றே மூன்று எஞ்சியபோது, அந்த மூன்றில் ஒன்று நேசமணியினுடையது. மாற்றார்தாம், மறைக்கவில்லை. மாற்றார் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. அவரைச் சொந்தம் கொண்டாட வேண்டியவர்களே அவரை மறந்தும் குறுக்கியும் வைத்திருக்கும்போது, உண்மையை எடுத்துரைக்கும் கடமை நம்மைச் சேர்கிறது.

ஸ்பிரிங்பீல்டு என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் வழக்காடி, மாநிலச் சட்டசபை, காங்கிரசு என்று படிப்படியாக ஏறி, 1861 இல் அமெரிக்கத் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் கதையை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். பகுத்தறிவு முழக்கமிட்ட இங்கர்சாலும் அதே இல்லினாய் மாநிலத்தில், பியோரியா என்ற ஊரில் தொழில் நடத்திய வழக்கறிஞர்தான் என்பதை நம் மேடைகள் சொல்லியிருக்கின்றன. ஊர்க் கச்சேரியில் எளியவன் வழக்கைப் பேசிப் பழகிய நா, ஒரு நாட்டின் வழக்கையே பேசும் வல்லமை பெறும் என்பது அந்த வரலாறுகள் கூறும் பாடம். கடல் கடந்து போய் அந்தப் பாடத்தைக் கற்றோம், நன்று. கன்னியாகுமரிக் கடலுக்கு இப்பால், நாகர்கோவிலில் அதே பாடம் நடந்ததே, அதைக் கற்றோமா?

முக்காலியும் மண்பானையும்

1895 ஜூன் 12 ஆம் நாள் விளவங்கோட்டு வட்டாரத்துப் பள்ளியாடியில் பிறந்தார் நேசமணி. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, 1921 இல் நாகர்கோவிலில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அன்றைய தென் திருவிதாங்கூர் எப்படி இருந்தது? மார்பை மறைத்துக் கொள்ளும் உரிமைக்காகவே பெண்கள் அடியும் உதையும் பட்டுப் பல ஆண்டுகள் போராடி, 1859 இல்தான் அரசாணை பெற்ற மண் அது. பொதுச் சாலையில் நடப்பதும் குற்றம், கோவிலை அண்டுவதும் குற்றம். வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தது 1924 இல். நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்திலும் அதே உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. கோவில் நுழைவு ஆணை வந்தது 1936 நவம்பர் 12 இல்! இந்தச் சமூகத்தில் ஒருவன் சட்டம் படித்துப் பட்டம் பெற்றுவிட்டால் சமமாகிவிடுவானோ?

நாகர்கோவிலில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது. வழக்கறிஞர் கூடத்தில் மேற்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றையோர்க்கு முக்காலி. அவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை; இவர்களுக்கு இன்னொரு பானை. புதிதாக உள்ளே நுழைந்த நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். தனிப் பானையை உடைத்தெறிந்தார். ஒரே பானையிலிருந்து எல்லோரும் பருகும் நிலையை உண்டாக்கினார் என்பர்.

உள்ளே எதற்காகக் கூடுகின்றனர்? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று வாதாடுவதற்கு! வாதாடிக் களைத்தபின் தாகம் தீர்க்க வந்தால், அங்கே பானை இரண்டு! சட்டப் புத்தகத்தில் ஒன்று, சட்டம் பேசுவோர் பானையில் வேறொன்று. இந்த முரண்பாட்டின் தலையில் விழுந்த உதைதான், பின்னாளில் தென் எல்லைப் போராக வளர்ந்தது என்பது நம் வாதம். எப்படி என்று கேட்பீராயின், கூறுவோம்.

நாற்காலி என்பது மரத்தால் ஆனதன்று, மதிப்பால் ஆனது. வழக்கறிஞர் கூடத்தில் ஒருவனுக்கு முக்காலி என்றால், ஆட்சி மன்றத்தில் ஒரு மக்கள் கூட்டத்துக்கே முக்காலி. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களிலும் பெரும்பான்மையோர் பேசுவது தமிழ். ஆட்சிப் பீடமோ திருவனந்தபுரத்தில். பேச்சிப்பாறை நீர் பாய்ந்து நாஞ்சில் நாட்டு வயலில் விளையும் நெல், சமத்தானத்தின் களஞ்சியத்துக்கு வேண்டும். அந்த நெல்லை விளைவித்தவனின் மொழி, கச்சேரியின் வாசலிலேயே நின்றுவிட வேண்டும்! ஆட்சியின் மொழி ஒன்று, அடுப்பங்கரையின் மொழி வேறு என்றால், குடிமகன் தன் சொந்த ஊரிலேயே விருந்தாளி. அதுவும் அழையாத விருந்தாளி. தனி மனிதனுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பையும் ஒரு மக்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பையும் ஒரே வழக்கின் இரு பக்கங்களாகக் கண்டார் பாருங்கள், அங்கேதான் வழக்கறிஞர் தலைவராகிறார்.

கச்சேரியிலிருந்து களத்துக்கு

குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்ற நேசமணி, 1940 களில் நாகர்கோவில் நகரசபையின் தலைவரானார். ஸ்ரீமூலம் சட்டசபையின் உறுப்பினரானார். பதவியோடு நிறைவடைந்து, திவான் சர் சி.பி. இராமசாமி அய்யரின் தயவுக்குக் காத்திருந்தால், வசதியாக வாழ்ந்திருக்கலாம். அந்த வழியில் அவர் நடக்கவில்லை.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென ஓர் அமைப்பு தோன்றியது. சாம் நத்தானியேல் முதலியோர் அதற்கு வித்திட்டனர். மறு ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு என்று பெயர் பெற்றது. 1947 செப்டம்பரில் நேசமணி தம் ஆதரவாளர்களைக் கூட்டி அதில் இணைந்தார். அகில இந்தியக் காங்கிரசின் கிளையா அது? இல்லை! பெயரில் காங்கிரசு இருந்ததே தவிர, திருவிதாங்கூர்க் காங்கிரசை எதிர்த்தே அது தேர்தலில் நின்றது. டெல்லியின் அருளால் வளர்ந்த கட்சியாக இருந்தால், டெல்லி தந்தது என்று கூறுவதற்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

1948 தேர்தலில் அக்கட்சி வென்றது 14 இடங்கள். 1952 இல் திருவிதாங்கூர் கொச்சிச் சட்டசபையில் 8 இடங்கள். அவ்வாண்டே நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்தில் நுழைந்தார். 1954 தேர்தலில் 12 இடங்கள். ஒரு முறை வென்றால் உணர்ச்சி அலை எனலாம். இரு முறை வென்றால் தற்செயல் எனலாம். ஆறாண்டுகளுக்குள் மும்முறை ஒரே கோரிக்கையை முன்வைத்து, மும்முறையும் மக்கள் முத்திரை இட்டார்களே, இதற்குப் பெயர் என்ன? நீதிமன்ற மொழியில் சொன்னால் சாட்சியம். மறுக்க முடியாத சாட்சியம்.

வாக்குச் சீட்டில் மட்டுமா சாட்சியம் எழுதினர் குமரி மக்கள்? குருதியாலும் எழுதினர்.

1948 பிப்ரவரியில் மாங்காட்டுத் தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1954 ஜூலையில் தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர் துயர் துடைக்கப் புறப்பட்ட நேசமணியும் தோழர்களும் தடையாணையை மீறி மூணாற்றில் கைதாயினர். அதன் எதிரொலியாக, ஆகஸ்ட் 11 ஆம் நாள் தென் திருவிதாங்கூரெங்கும் விடுதலை நாள் கொண்டாடப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். எளிய உழைப்பாளிகள் மண்ணிற் சாய்ந்தனர்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை. பிரஜா சோசலிஸ்டுக் கட்சி முதலமைச்சர். சட்டசபையில் 19 இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரசின் தயவில் ஆட்சி நடத்தியவர். அவரும் வழக்கறிஞரே! சட்டம் படித்த இருவர்: ஒருவர் மக்களைக் காக்கச் சட்டத்தை மீறினார், மற்றவர் சட்டத்தைக் காப்பதாகக் கூறி மக்களைச் சுட வைத்தார். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியாவே, சொந்தக் கட்சியின் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்து வற்புறுத்தினார். விலகினார்களா? இல்லை. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, நேசமணி கட்சியினரும் எதிர்த்து வாக்களிக்க, அந்த அமைச்சரவை வீழ்ந்தது. துப்பாக்கி பேசிய இடத்தில் வாக்கு விடையளித்தது.

சாதிச் சண்டையா இது?

இனி, மூன்றாமவரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். சாதிச் சண்டையாம்! நாடார்கள் நாயர்களோடு நடத்திய பழைய பகையாம்!

சாதி இல்லை என்று நாம் கூறவில்லை. முக்காலிக் கதையைச் சொன்னவர்களே நாம்தாம். சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டவன் எழுந்து நின்றால் அது சாதிச் சண்டை. ஒடுக்கியவன் நாற்காலியை விடாமல் அமர்ந்திருந்தால் அது சமூக அமைதி. இந்த நியாயத்தை எந்த மனு எழுதி வைத்தான்?

மேலும் கேட்கின்றோம். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற அப்துல் ரசாக் எந்தச் சாதியின் சார்பில் நின்றார்? தென் திருவிதாங்கூர் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று விழைந்து, அதைக் காணாமலே 1954 செப்டம்பரில் கண்மூடிய நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எந்தச் சாதிச் சண்டைக்காரர்? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய தொழிலாளப் பெண் யாரோடு பழைய பகை பாராட்டினாள்?

மலையாளியை எதிர்த்த போரும் அன்று அது. திவான் சர் சி.பி. யார்? தமிழர்! தாய்மொழி தமிழ் பேசிய அந்தத் திவானின் ஆட்சியில்தான் 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் மலையாளத் தொழிலாளர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். தமிழ் பேசும் ஒருவர் பீடத்தில் இருந்தால் தமிழன் முக்காலி நாற்காலியாகிவிடாது. மலையாளம் பேசும் ஒருவர் பீடத்தில் இருந்தால் மலையாள ஏழைக்குப் பால் சோறு கிடைத்துவிடாது. மொழிவழி மாநிலம் கேட்டவர்கள் தமிழர் மட்டுமா? ஐக்கிய கேரளம் கேட்டு மலையாள மக்களும்தான் முழங்கினர். 1956 நவம்பர் முதல் நாள், எந்தக் கொள்கை குமரியைத் தமிழகத்துக்குத் தந்ததோ, அதே கொள்கைதான் மலபாரையும் காசர்கோட்டையும் கேரளத்துக்குத் தந்தது. ஒரே தராசு, இரு தட்டு. தனக்கு நிறுக்கும்போது தராசு சரி, அடுத்தவனுக்கு நிறுக்கும்போது தராசு பொய் என்பது நேர்மை ஆகுமா?

நேசமணியை ஒரு சாதியின் பிள்ளையாகச் சுருக்குவோர் எதிரிகளிடையே மட்டும் இல்லை. மாலையோடு வரும் அன்பர்களிடையேயும் உளர். பிறந்த நாளில் சிலைக்கு மாலை, சாதிப் பெயர் சொல்லி முழக்கம், அத்தோடு கலைந்து செல்லல்! தலைவர்களின் பெயர் தாங்கிய போக்குவரத்துக் கழகங்கள் அன்று இருந்தன; குமரி மாவட்டப் பேருந்துகளில் நேசமணி பெயர் ஓடியது. பெயர்களை முன்னிட்டே சாதிக் கலவரம் மூண்ட நிலையில், 1997 இல் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. அவர் பெயரும் நீங்கியது. சாதிக்கெதிராகப் பானையை உடைத்தவரின் பெயரும் சாதிச் சண்டையைத் தணிப்பதற்காக எடுக்கப்பட்ட பெயர்களோடு சேர்ந்து மறைந்தது! தலைவர்களைச் சாதிச் சிமிழுக்குள் அடைத்தால், இதைத்தான் வரலாறு பரிசாகத் தரும்.

பெற்றதும் இழந்ததும்

ஆணையம் அளித்தது என்பவருக்கு ஒரு வார்த்தை. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரில் அமைக்கப்பட்டது. 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களும் குறிப்புகளும் அதன் முன் குவிந்தன. ஆணையம் கருணையால் தந்ததென்றால், கேட்டதையெல்லாம் தந்திருக்க வேண்டுமே!

கேட்டவை எவை? தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்கள். கிடைத்தவை எவை? தென்கோடித் தாலுகாக்கள் நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும். தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் ஏன் மறுத்தனர்? அங்குள்ள தமிழரிற் பெரும்பாலோர் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த கூலிகளாம். ஆகவே அவர்தம் எண்ணிக்கை கணக்கில் நிற்காதாம்! அந்த மலையின் வளமோ கேரளத்துக்கு இன்றியமையாததாம்! மலையைத் திருத்தித் தேயிலை நட்டவனுக்கு அந்த மலையில் ஊர் இல்லை. வாக்களிக்கப் பெயர் உண்டு, எல்லை வகுக்கும்போது ஆள் இல்லை! நாகர்கோவில் கூடத்தில் கிடந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூணாற்று மலையிலே போட்டனர் என்றே கூறுவோம். அதன் விளைவை, முல்லைப் பெரியாறு அணைக்காக வழக்கு மன்றப் படியேறிய தேனி, மதுரை உழவரைக் கேட்டுப் பாருங்கள்; கூறுவர்.

ஆணையத்தில் கேரளத்தவரான பணிக்கர் இருந்தார் என்று கூறி ஆத்திரத்தைத் தீர்த்துக் கொள்வோரும் உண்டு. அது எளிது, பயனற்றது. அதே பணிக்கர் கையெழுத்திட்ட அறிக்கைதான் நான்கு தாலுகாக்களையும் நமக்குரியவை என்றது. வேறுபாடு ஆணையத்தின் உள்ளத்தில் இல்லை; வழக்கின் வலுவில் இருந்தது. குமரியில் மக்கள் வேரூன்றி நின்றனர். நிலம் இருந்தது, பள்ளி இருந்தது, வழக்கறிஞர் இருந்தனர், கட்சி இருந்தது, களப்பலி இருந்தது. மலையில் உழைப்பு மட்டுமே இருந்தது. உழைப்பவனின் சொல்லுக்கு எடை போட அன்றைய தராசில் கல் இல்லை. எங்கே அமைப்பு வலுத்ததோ அங்கே வென்றோம். எங்கே உழைப்பாளியின் உரிமை ஏட்டில் ஏறவில்லையோ அங்கே இழந்தோம். இதைக் கண்ட பின்னும் மேலிருந்து வந்த கொடை என்போர், கண்ணைத் திறந்துகொண்டே உறங்குவோர்.

தமிழ்நாடு நாள் எது என்று ஒரு வழக்கு நடப்பதும் நாம் அறிந்ததே. 1956 நவம்பர் முதல் நாளா? தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானத்தைப் பேரறிஞர் அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றிய 1967 ஜூலை 18 ஆம் நாளா? 2021 இல் அரசு ஜூலை 18 ஐத் தமிழ்நாடு நாள் என அறிவித்தது. பெயர் கேட்டு உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபரில் உயிர் துறந்த சங்கரலிங்கனாரும், எல்லை கேட்டுப் புதுக்கடையில் வீழ்ந்தவரும் ஒருவரோடு ஒருவர் போட்டியிடவில்லை. நாமேன் போட்டி மூட்ட வேண்டும்? பெயருக்கு ஒரு நாள் இருக்கட்டும். எல்லைக்கு உயிர் தந்தோருக்கு நவம்பர் முதல் நாள் இருக்கட்டும். ஆனால் குமரி மண்ணில் நவம்பர் முதல் நாள் வெறும் விடுமுறைச் சலுகையாகத் தேய்ந்து விடலாகாது. அன்று ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும், அந்த எல்லை எப்படி வந்தது என்ற கணக்கு வாசிக்கப்பட வேண்டும்.

1968 ஜூன் முதல் நாள் நேசமணி மறைந்தார். 1967 இல் விருதுநகரில் தோல்வி கண்ட காமராசர், 1969 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றது நேசமணி விட்டுச் சென்ற நாகர்கோவில் தொகுதியிலிருந்துதான். பெருந்தலைவருக்கும் நிழல் தந்த மரம், யார் நட்டு வளர்த்தது என்பதைக் காங்கிரசு நண்பர்கள் எண்ணிப் பார்ப்பது நலம்.

மாநிலங்களைக் கோடு போட்டு அழித்து விளையாடலாம் என்று கருதுவோர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். தென் எல்லைக் கோட்டைப் போட்டது பேனா என்று எண்ணாதீர். அந்தப் பேனாவை நகர்த்தியது மூன்று தேர்தல்களின் வாக்கு; அந்த வாக்கைத் திரட்டியது ஒரு நகரத்து வழக்கறிஞரின் நா; அந்த நாவுக்கு உரம் தந்தது, முக்காலியில் அமர மாட்டேன் என்ற ஒரு மனிதனின் மானம். மானத்தால் வரைந்த கோட்டை மசியால் அழிக்க முடியாது. முயன்று பார்ப்பீராயின், நாகர்கோவிலில் மட்டுமன்று, தமிழகத்தின் ஒவ்வொரு ஊர்க் கச்சேரியிலும் ஒரு முக்காலி உருளும் ஓசை கேட்கும்!